கம்பளையில் நின்ற மேளமும் நம் வேனில் ஏறும் ஸ்பீக்கரும்



பாடசாலை விடுமுறை நெருங்கினால் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: "சேர், டிரிப்புக்கு எந்த புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினா நல்லம்?" கடைக்காரரிடம் கேட்க வேண்டியதை வரலாறு படிப்பிக்கிறவர்களிடம் ஏன் கேட்கிறார்கள் என்று முதலில் தோன்றும். யோசித்துப் பார்த்தால் ஆள் மாறிக் கேட்கவில்லை. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் வேன் பேராதனையைத் தாண்டிக் கம்பளைக்குள் நுழைகிறது. வீதியில் இசையோடு போகிறவருக்கு எவ்வளவு உரிமை, அந்த வீதியில் இருக்கிறவருக்கு எவ்வளவு உரிமை என்ற வழக்கு நூறு வருடத்துக்கு முன்பு அந்த ஊரிலிருந்துதான் கிளம்பியது. வழக்கு முடிந்த சில மாதங்களில் நம் பள்ளிவாசல்கள் எரிந்தன. ஆகவே ஸ்பீக்கர் கதையைக் கம்பளையிலிருந்து தொடங்குகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

கம்பளையில் வல்லஹகொட தேவாலயம் இருக்கிறது. அதன் எசல பெரஹரா யானைகளும் மேளமுமாக ஊர் வீதிகளில் போகும். மலைநாட்டின் பழைய முஸ்லிம்களுக்கு இந்த மேளம் புதிதல்ல. அவர்கள் கண்டி மன்னர் காலத்திலிருந்தே சிங்கள அயலவர்களோடு கிராமங்களில் வாழ்ந்தவர்கள். மாடுகளில் பொதி ஏற்றிச் செல்லும் 'மடிகே' என்ற அரச போக்குவரத்துப் பிரிவில் பலர் வேலை செய்தார்கள். பெரஹரா வரும், பார்ப்பார்கள், போய்விடும். நம்மிடமும் மேளம் இல்லாமலில்லை. கூரகல ஜெய்லானி கொடியேற்றத்தில் பாவாமார் றபான் அடிப்பதைப் போய்ப் பார்த்தவர்கள் இதை வாசிக்கிறவர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள்.

பிரித்தானியர் கோப்பி, தேயிலை என்று மலைநாட்டைத் திறந்த பிறகு தென்னிந்தியக் கரையிலிருந்து இன்னொரு முஸ்லிம் வியாபாரக் கூட்டம் வந்தது. ஆங்கிலேயரின் ஆவணங்களில் இவர்கள் 'கோஸ்ட் மூர்ஸ்', அதாவது கரையோரச் சோனகர். உழைப்பாளிகள், கணக்கில் கெட்டிக்காரர்கள், கடனுக்குச் சாமான் கொடுக்கிறவர்கள். கம்பளை அம்பகமுவ வீதியில் 20ஆம் நூற்றாண்டின் முதல் வருடங்களில் அவர்களுடைய பள்ளிவாசல் எழுந்தது. பெரஹரா போகும் அதே வீதி. தொழும் இடத்துக்கு முன்னால் மேளம் அடிக்கக் கூடாது என்று கேட்டவர்கள் இவர்கள்தான்.

அவர்கள் வந்த பக்கத்தில் அது ஏற்கெனவே சூடான விவகாரம். 1882இல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பள்ளிவாசலைக் கடந்து இசையோடு ஊர்வலம் போகலாமா என்ற தகராறு பெரும் கலவரமாகவே முடிந்தது. துணி மூட்டையோடு அந்தத் தகராறையும் இங்கே கொண்டுவந்தார்கள் என்று சொன்னால் நம்மவர் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் நாங்கள் அப்படித்தான் வாசிக்கிறோம். கேட்ட விஷயம் நியாயமற்றது என்று சொல்லவில்லை. தொழுகையில் நிற்கிறவருக்கு அமைதி தேவை என்பதை யார் மறுப்பார்? ஆனால் அந்த ஊரில் அந்த வீதியில் எது எவ்வளவு காலமாக நடக்கிறது என்று விசாரிக்காமல், அயலவரோடு பேசி முடிக்க வேண்டியதை அரசாங்க அதிபரின் கந்தோருக்குக் கொண்டுபோனது வேறு விஷயம்.

1912இல் அரசாங்க அதிபர் பெரஹராவுக்கான அனுமதிப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை போட்டார்: பள்ளிவாசலின் இரண்டு பக்கமும் குறிப்பிட்ட தூரத்துக்கு மேளம் நிற்க வேண்டும். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே அந்த நிபந்தனையை ஏற்கவில்லை. கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அவர் கையில் இருந்த ஆயுதம் 1815 மார்ச் 2ஆம் திகதி கைச்சாத்தான கண்டி ஒப்பந்தம். அதன் 5ஆவது பிரிவில் புத்த சமயமும் அதன் சடங்குகளும் பாதுகாக்கப்படும் என்று பிரித்தானிய அரசு வாக்குக் கொடுத்திருந்தது. மேளமில்லாத பெரஹரா பெரஹராவே இல்லை என்பது நிலமேயின் வாதம். எங்களுக்கு அதில் நியாயம் தெரிகிறது.

வழக்கைக் கேட்டவர் போல் ஈ. பீரிஸ். இலங்கையின் போர்த்துக்கேயர் காலத்தைப் பற்றி எழுதிய அதே வரலாற்றாசிரியர். 1914 ஜூன் மாதம் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்புக் கொடுத்தார். அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது: ஒப்பந்தம் எதைச் சொன்னாலும் வீதியில் ஊர்வலம் போகிறவர் பொதுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனை செல்லும்.

இடையில் ஒரு வேடிக்கை. இந்த அனுமதிப் பத்திரங்களின் தாய் 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம். அதில் வீதியில் மேளம் அடிப்பதற்கு அனுமதி தேவை என்று சொல்லும் பிரிவு எதை நினைத்துக் கவலைப்படுகிறது தெரியுமா? குதிரைகளை. குதிரை மிரளும்படியான இசை வீதியில் கூடாது என்று எழுதி வைத்தார்கள். நித்திரை கொள்கிற சனங்களைப் பற்றியும் அதில் பேச்சு இருக்கிறது என்பது உண்மைதான். இருந்தாலும் துரைமாரின் வண்டிக் குதிரைக்குக் கிடைத்த மரியாதை எங்களை ஒவ்வொரு முறையும் சிரிக்க வைக்கிறது.

பெப்ரவரித் தீர்ப்பைக் காகிதத்தில் பார்த்தால் பள்ளிவாசல் வென்றது. சிங்கள மக்களுக்கு அது, ஒப்பந்தம் கைச்சாத்தாகிச் சரியாக நூறு வருடம் ஆகும் நேரத்தில், கொடுத்த வாக்கை வெள்ளையன் முறித்ததாகத் தெரிந்தது. அப்போது உலகப் போர் நடக்கிறது. சாமான் விலை ஏறிக்கொண்டே போகிறது. கரையோரச் சோனகரின் கடைகளில் கடன் புத்தகங்கள் தடித்துக்கொண்டிருக்கின்றன. 1915 கலவரத்துக்கு மேளம் மட்டும் காரணமல்ல என்று ஆய்வாளர்கள் சொல்வதை நாங்களும் ஏற்கிறோம். ஆனால் குவிந்து கிடந்த வைக்கோலில் நெருப்பு எங்கே விழுந்தது என்பதும் முக்கியம்.

அது கண்டி நகரத்தில் விழுந்தது. மே 28, வெசாக் இரவு. பக்திப் பாடல் பாடும் குழுக்கள் வண்டிகளில் இசையோடு நகரத்தைச் சுற்றின. அதாவது இசை சக்கரத்தில் ஏறியிருந்தது. இன்றைய பாஷையில் 'போர்ட்டபிள்'. காசில் ஹில் வீதியில் ஒரு பள்ளிவாசல். நள்ளிரவுக்குப் பிறகு பள்ளி பூட்டியிருக்கும், அப்போது ஊர்வலம் போனால் பிரச்சினை வராது என்று அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். ஊர்வலம் வந்தபோது பள்ளியில் விளக்கு எரிந்தது, ஆட்கள் இருந்தார்கள். பொலிஸ் ஊர்வலத்தை வேறு தெருவுக்குத் திருப்பியது. திரும்பியவர்களைப் பார்த்துப் பள்ளிப் பக்கமிருந்து கேலிக் கூச்சல் எழுந்தது. கல் பறந்தது. பிறகு பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன.

அந்தக் கேலிக் கூச்சல் இடத்தில் நாங்கள் எப்போதும் கொஞ்ச நேரம் நிற்போம். ஊர்வலம் திரும்பிவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது. அதற்கு மேல் ஒரு சத்தம் எதற்கு?

ஒரு வாரத்துக்குள் கலவரம் மத்திய, சபரகமுவ, வடமேல், மேல், தென் மாகாணங்களுக்குப் பரவியது. ஆளுநர் றொபர்ட் சாமர்ஸ் ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிறப்பித்தார். 4,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் கடைகள் கொள்ளையிடப்பட்டன. எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் சேதமாயின, பல எரிக்கப்பட்டன. நம்மவர்கள் கொல்லப்பட்டார்கள், பெண்கள் மீது வன்முறை நடந்தது. கேலி செய்ததற்கும் இதற்கும் எந்தத் தராசிலும் சமன் கிடையாது. எதையும் நியாயப்படுத்த நாங்கள் இதை எழுதவில்லை. அடுத்து இராணுவச் சட்டத்தின் பேரில் சிங்களவர்கள் பலர் விசாரணையோடும் விசாரணையில்லாமலும் சுடப்பட்டார்கள். ஜூலை 7ஆம் திகதி ஹென்றி பெத்ரிஸ் என்ற இளைஞர் கொல்லப்பட்டார். டி. எஸ். சேனாநாயக்க உட்படப் பல தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடினார், அதனால் நம் சமூகத்தில் மனக்கசப்பு உண்டானது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

கவனியுங்கள், சட்டம் பெப்ரவரியில் மேளத்தை நிறுத்தியது. அதே சட்டத்தால் மே மாதம் ஒரு பள்ளிவாசலின் ஓட்டைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

இது இரண்டு மதத்தாருக்கிடையிலான விஷயம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒன்பது வருடம் கழித்து, 1924இல், இந்தியாவிலிருந்து இதே கேள்வி இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. இரண்டு தரப்பும் முஸ்லிம்கள். ஷீஆக்களின் முஹர்ரம் ஊர்வலம் சுன்னிகளின் பள்ளிவாசல் அருகே நின்று மாரடித்துப் புலம்புவது தொழுகைக்கு இடைஞ்சல் என்று வழக்கு. பொது வீதியில் ஊர்வலம் போக உரிமை உண்டு, ஆனால் அது அதிகாரிகளின் கட்டளைக்கும் மற்றவர்கள் வீதியைப் பாவிக்கும் உரிமைக்கும் உட்பட்டது என்று பிரபுக்கள் தீர்த்தார்கள். உரிமை உண்டு, அளவும் உண்டு. அந்த அளவு எத்தனை யார், எத்தனை நிமிடம் என்று எந்த நீதிமன்றத்தாலும் ஒரேயடியாகச் சொல்ல முடியவில்லை.

பிறகு மின்சாரம் வந்தது. முன்பு ஒரு தெருவை நிரப்ப இருபது மேளக்காரர் தேவை. அவர்களுக்குக் கை வலிக்கும், சாப்பாடு கொடுக்க வேண்டும், விடியுமுன் களைத்துப் போவார்கள். அந்தக் களைப்புத்தான் பழைய காலத்தின் ஒலிக் கட்டுப்பாடு. ஒலிபெருக்கிக்குக் களைப்பில்லை. 1950களில் டிரான்சிஸ்டர் வானொலி வந்ததும் இலங்கை வானொலி தோட்டத்து லயத்துக்கும் வயலுக்கும் நடந்து போனது. அடுத்து கெசட் பிளேயர், அதை வைத்த பஸ். 1979இல் சோனி கம்பனி வோக்மனை வெளியிட்டபோது அதன் தலைவர் அகியோ மொரிட்டாவுக்கு வந்த கவலை நமக்கெல்லாம் விசித்திரமாக இருக்கும்: பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒருவர் மட்டும் தனியாகப் பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவாகிவிடாதா என்பது. அதனால் முதல் வோக்மனில் இரண்டு பேர் கேட்க இரண்டு ஹெட்போன் துளை வைத்தார்கள். இன்று பக்கத்திலிருப்பவரைக் கேட்காமலே அவர் காதுக்குள் பாட்டை ஊற்றுகிறோம்.

நம் நாட்டுச் சட்டமும் பின்னால் ஓடிவந்தது. 1996இல் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வந்தன. மாநகர, நகரசபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50. மருத்துவமனை, பாடசாலை, நீதிமன்றம் போன்றவற்றைச் சூழ்ந்த அமைதி வலயத்தில் பகலில் 50, இரவில் 45. 2007 நவம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கூடாது என்று வழிகாட்டல் கொடுத்தது. அது எந்த வழக்கில் தெரியுமா? வெலிகமயில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக நம்மவர்கள் கொண்டுபோன வழக்கில். மேளத்தை நிறுத்தச் சொல்லி 1912இல் கந்தோருக்குப் போன சமூகம், ஒலிபெருக்கிக்கு அனுமதி கேட்டு 2005இல் நீதிமன்றத்துக்குப் போனது. பாடசாலையில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். பெரியவர்கள் சிரிப்பதில்லை.

அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஸ்பீக்கருக்கு வருவோம். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரே முழுச் சத்தத்தில் ஒரு மீற்றர் தூரத்தில் 85 டெசிபலைத் தொடும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும்: 2 மீற்றரில் 79, நான்கில் 73, எட்டில் 67, பதினாறில் 61. அதாவது பதினாறு மீற்றருக்கு அப்பால் பாய் விரித்துப் படுத்திருக்கிறவருக்கும் நம் பாட்டுச் சட்டத்தின் எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ரயில் பெட்டிக்குள் இந்தக் கணக்கும் கிடையாது. தகரச் சுவரில் பட்டுத் திரும்பித் திரும்பி வரும்.

பதுளை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எல்ல பார்க்கப் போகிறோம். பக்கத்து இருக்கையில் கொழும்பில் வீட்டுவேலை செய்துவிட்டு மூன்று மாதத்துக்குப் பிறகு கொட்டகலைக்குப் போகிற ஒரு அக்கா. எதிரே இரவு வேலை முடித்து வரும் தாதி. ஒரு கைக்குழந்தை. அவர்களால் இறங்கிப் போக முடியாது. கம்பளைப் பள்ளியில் தொழுதவராலும் இறங்கிப் போக முடியவில்லை, அவர்களுக்காவது மேளம் ஐந்து நிமிடத்தில் கடந்துபோனது. நாங்கள் ஹட்டன் வரை கடப்பதில்லை. பப்பரே கோஷ்டி ஏறினால் நமக்குக் கோபம் வருகிறது. நம் பொடியன்கள் ஏறினால் "விடுமுறைதானே" என்கிறோம்.

இன்னொன்றை மெதுவாகச் சொல்கிறோம். பாட்டுக் கேட்காத நம் குடும்பங்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் ஸ்பீக்கரில் பயானும் கிராஅத்தும் போடுகிறார்கள். நல்ல விஷயம்தானே, இதனால் யாருக்கு என்ன இடைஞ்சல் என்று நினைக்கிறார்கள். பள்ளிவாசலுக்குள் இஃதிகாஃப் இருந்த நேரத்தில் சத்தமாக ஓதியவர்களைப் பார்த்து, ஒருவருக்கொருவர் தொல்லையாக ஓத வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. பள்ளிக்குள்ளேயே அப்படியென்றால், பல மதத்தாரும் டிக்கெட் எடுத்து ஏறிய பெட்டிக்குள்? ஹெட்போன் போட்டுக் கேட்டால் நன்மை குறைந்துவிடுமா?

2018 மார்ச் மாதத்தை நாம் யாரும் மறக்கவில்லை. தெல்தெனியவில் வீதியில் நடந்த ஒரு சண்டை, அதில் அடிபட்ட லொறிச் சாரதியின் மரணம், அதன் பிறகு திகனயில் எரிந்த வீடுகளும் கடைகளும். கண்டியில் வீதிச் சண்டை வீதியோடு முடிவதில்லை. வாகனத்தில் ஏறும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, எந்த ஸ்பீக்கர்? பெரியதைத் தேடாதீர்கள். பெட்டியில் எழுதியிருக்கும் 'வொட்ஸ்' எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்துப் பேர் இருக்கும் அறைக்கு அல்லது வேனுக்கு 5 வொட்ஸ் தாராளம். பேஸ் அதிகமுள்ளதை மலையேறும் பயணத்துக்கு வாங்கவே வேண்டாம். மெல்லிய குரல் ஒரு சுவரில் நின்றுவிடும், பேஸ் சுவரைத் தாண்டி அடுத்த அறைக்காரரின் கட்டிலை ஆட்டும். தங்குமிடத்தில் சண்டை வருவது அநேகமாக அந்த 'டும் டும்' சத்தத்தால்தான். சத்தத்தைக் குறைக்கும் பொத்தான் ஸ்பீக்கரின் உடம்பிலேயே இருக்க வேண்டும். போன் யாரிடம் என்று தேடிக்கொண்டிருக்கும்போது பாங்கு முடிந்துவிடும்.

மலைநாட்டு மழைக்கு 'ஐபி67' என்று எழுதியதைப் பாருங்கள். முதல் எண் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். நீர்வீழ்ச்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது உதவும். பெரிய பஸ் என்றால் ஒரு பெரிய ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சோடி சேரக்கூடிய இரண்டு சிறியதை வாங்கி, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் குறைந்த சத்தத்தில் வையுங்கள். பின் இருக்கைக்குக் கேட்கவில்லை என்று முன்னால் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை. நல்ல பள்ளிவாசல்களில் உள்ளே பல சிறிய ஸ்பீக்கர்களைத் தாழ்வாகப் பொருத்துவது இதனால்தான். விமானத்தில் போகிறவர்கள், உம்ராவுக்கானாலும் சரி, பவர் பேங்கோடு ஸ்பீக்கரையும் கைப்பையில் வையுங்கள். லிதியம் பட்டரி இருப்பதால் அதுதான் பாதுகாப்பு.

ரயிலிலும் பொது பஸ்ஸிலும் ஸ்பீக்கரை வெளியே எடுக்காதீர்கள், ஹெட்போன் இருக்கிறது. ஹயர் வேன் என்றால் ஏறியவுடன் முதலில் சாரதியிடம் கேளுங்கள், அடுத்து வயதானவர்களிடம். தங்குமிடத்தில் இரவு பத்து மணி சட்டத்தின் எல்லை. கைக்குழந்தையோடு யாராவது பக்கத்து அறையில் இருந்தால் எட்டு மணிக்கே நிறுத்துங்கள். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனால் வேனை விட்டு இறக்கவே வேண்டாம்.

கம்பளையில் பெரஹரா நடக்கும் நாளில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் வேனை ஓரமாக நிறுத்தி, ஸ்பீக்கரை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பிள்ளைகளுக்கு மேளத்தைக் காட்டுங்கள். எது தவில், எது தம்மட்டம், எது கெட்ட பெர என்று தெரிந்த சிங்களச் சாரதி இருந்தால் அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். அங்கிருந்து புசல்லாவை தாண்டி றம்பொடை வளைவுகள் தொடங்கியதும் ஸ்பீக்கரை எப்படியும் அணைத்துவிடுங்கள். எதிரே வரும் பஸ்ஸின் ஹோர்ன் சாரதிக்குக் கேட்க வேண்டும்.